சிலிண்டர் ஏன் அசைய மறுக்கிறது?

கேள்வி: சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரைத் தனி அசெம்ப்ளியாக (பாகங்களைச் சேர்த்த தொகுப்பாக) செய்தேன். அங்கே ராடு அழகாக உள்ளே வெளியே போகிறது. அதையே பெரிய அசெம்ப்ளியில் கொண்டுவந்து வைத்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறது. என்ன தப்பு?

பதில்: தப்பு பெரும்பாலும் உங்கள் மேட்டுகளில், அதாவது பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டுப்பாடுகளில், இருக்காது. இது தெரியாமல், நான் ஒரு மதியம் முழுக்க மேட்டுகளை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்து, நன்றாக இருந்ததையும் கெடுத்தவன்!

பெரிய அசெம்ப்ளிக்குள் வரும் துணை அசெம்ப்ளியை சாலிட்வொர்க்ஸ் ஒரே இறுகிய கட்டியாகத்தான் எடுத்துக்கொள்ளும். உள்ளே எது நகரும் என்று அது பார்ப்பதே இல்லை. கணக்கு குறைய வேண்டுமே. பாகங்களின் பெயர்கள் கிளை கிளையாக வரும் மரப்பட்டியலில் சிலிண்டரின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, காம்பொனென்ட் பிராப்பர்ட்டீஸில் ‘ரிஜிட்’ என்பதை ‘ஃபிளெக்சிபிள்’ ஆக்குங்கள். இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்புறம் இழுத்துப் பாருங்கள்.

அப்போதும் அசையவில்லையா? சிலிண்டர் கோப்பைத் திறந்து, ராடுக்கு 120 மி.மீ. என்பதுபோல் தூரத்தை நிலையாக வைக்கும் டிஸ்டன்ஸ் மேட்டைப் பிறகு எப்போதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அது ராடைப் பூட்டிவிடும். அதை எடுத்துவிட்டு இரு எல்லைகளுக்குள் நகரவிடும் லிமிட் மேட் போட்டு, குறைந்தது 0, அதிகம் 200 மி.மீ. என்பதுபோல் எல்லை கொடுங்கள். ராடு சிலிண்டர் குழாயை விட்டுக் கழன்று பறக்காது.

எல்லாத் துணை அசெம்ப்ளிகளையும் ஃபிளெக்சிபிள் ஆக்கிவிடாதீர்கள், கணினி திணறும்.