வாசகர் கேள்வி – பதில்: மேடையில் இல்லாத கத்தி

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், அவனுடைய அப்பா சேர்த்து வைத்திருக்கும் இரும்புக்கை மாயாவி முதலான பழைய காமிக்ஸ் இதழ்களைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அவன் ஷேக்ஸ்பியரைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. காமிக்ஸை நிறுத்தினால் அந்த ஆர்வம் வருமா? (ஆங்கில ஆசிரியை, விருதுநகர்)

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் மகன் படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் நாடகங்களே ஒரு காலத்தில் காமிக்ஸ் இருக்கும் இடத்தில்தான் இருந்தன. ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்தை நிறுவிய சர் தாமஸ் பாட்லி, ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த 1612ஆம் ஆண்டில் தம் நூலகருக்கு எழுதிய கடிதத்தில், பஞ்சாங்கங்களையும் நாடகப் பிரதிகளையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுமே நூலகத்தில் இடம்பெறத் தகுதியற்ற குப்பை என்று கண்டிப்புடன் ஒதுக்கினார். நூல்களுக்காகத் தம் செல்வத்தையே செலவிட்ட மனிதர் அவர். அவருடைய கண்ணுக்கே தெரியாமல் போன ஒன்று நம் கண்ணுக்கும் தப்பலாம் என்ற எச்சரிக்கை நமக்கு இருப்பது நல்லது.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய இந்தத் தொடரைத்தான் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆய்வகத்தில் நடந்த விபத்தில் ஒரு கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டேல் என்பவன், உடலில் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோகிறான். அந்தக் கை மட்டும் மறைவதில்லை. கதை இவ்வளவுதான். ஆனால் இதை வரைய உட்கார்ந்த ஸ்பானிய ஓவியர் பிளாஸ்கோவின் நிலையை எண்ணிப் பாருங்கள். நாயகன் கட்டத்துக்குள் இருக்கிறான். வரைவதற்கோ மணிக்கட்டும் ஐந்து விரல்களும் மட்டுமே இருக்கின்றன. அவன் பதுங்குகிறானா, பாயப்போகிறானா, தயங்குகிறானா என்பதையெல்லாம் அந்தரத்தில் நிற்கும் அந்த விரல்களின் வளைவும், தரையிலிருந்து அவை இருக்கும் உயரமும்தான் சொல்லியாக வேண்டும். இல்லாத தோளையும் காலையும் படிப்பவனின் மனம் வரைந்துகொள்கிறது.

இனி ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தின் இரண்டாம் அங்கத்துக்கு வாருங்கள். மன்னனைக் கொல்லப் புறப்படும் மேக்பெத்தின் கண்முன் ஒரு கத்தி மிதக்கிறது. பிடியைத் தன் கையின் பக்கம் திருப்பி, வா என்று அழைக்கிறது. அவன் பற்றப் பார்க்கிறான், அகப்படவில்லை. அந்தக் கத்தியை அங்கே காண்பவன் அவன் ஒருவனே. நடிகரின் பார்வையும் நீளும் கையுமே நமக்கு அதைக் காட்ட வேண்டும். சித்திரக்கதையில் கையை வைத்துக்கொண்டு உடலைத் தேடினோம், இங்கே உடலை வைத்துக்கொண்டு கத்தியைத் தேடுகிறோம். முதலாவதில் தேர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது அந்நியமாக இருக்காது என்று நான் மனமார நம்புகிறேன். ஒரு நாள் மாலையில் அவன் மாயாவியை மூடி வைக்கும் நேரம் பார்த்து, அந்த ஒரு காட்சியை மட்டும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். தேர்வுக் கேள்வி எதுவும் அதற்குப் பிறகு வேண்டாம்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு உலக நாடகங்களைப் படிக்கலாம் என்று மேக்பெத்தில் தொடங்கினேன். பத்துப் பக்கங்களுக்கு மேல் நகரவில்லை. நாவல் படித்துப் பழகிய எனக்கு எல்லாம் வறண்டு தெரிகிறது. என்ன செய்வது? (முன்னாள் வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: நாவலாசிரியர் செய்து தரும் வேலைகளில் பாதியை நாடகாசிரியர் நமக்கே விட்டுவிடுகிறார். அறை எப்படி இருந்தது, பேசியவரின் குரல் எப்படி நடுங்கியது என்பதெல்லாம் அச்சில் இராது. ஆகவே வாய்விட்டுப் படியுங்கள்; வீட்டில் இன்னொருவர் இருந்தால் பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கொலை முடிந்து மேக்பெத் திரும்பி வரும் இடத்தில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது ஏறக்குறைய இப்படிப் போகிறது: “நீங்கள் பேசவில்லையா?” “எப்போது?” “இப்போது.” “நான் இறங்கி வரும்போதா?” “ஆம்.” கண்ணால் ஓட்டினால் இந்த வரிகளில் ஒன்றுமே இல்லை. இரண்டு பேர் இருட்டில் கிசுகிசுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் மூச்சு முட்டுவது புரியும். சற்று நேரம் கழித்துத்தான் அந்த அம்மாள், கொலைக் கத்திகளை அவன் கையோடு கொண்டுவந்துவிட்டதைக் கவனிக்கிறாள். அவற்றைத் திரும்ப வைக்க அவன் போக மறுக்கிறான், அவளே போகிறாள். அந்த நொடியில் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி, மேசையை மெய்யாகவே தட்டிவிட்டுத் தொடருங்கள்.

தமிழில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவை நண்பர்களுடன் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், நீதித்துறைப் பணியில் இருந்துகொண்டே மேக்பெத்தை ‘மகபதி’ என்றும் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் தமிழாக்கினார். தாமே மேடையேறி நடித்தவர் என்பதால் வாய்க்கு ஏற்ற வசனத்தின் அருமையை அவர் அறிந்திருந்தார். ஆங்கிலம் தடையாக இருந்தால் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: பேரிலக்கியங்களின் சித்திரக்கதை வடிவத்தைப் படித்தால் போதாதா? (கல்லூரி மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: கதை தெரிந்துவிடும், சொல் கிடைக்காது. 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் வரிசையே, மூல நூலையும் தேடிப் படியுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொண்டது. சித்திரக்கதையின் முழு வலிமையைக் காண வேண்டுமானால், அந்த வடிவத்துக்காகவே பிறந்த படைப்பிடம் போங்கள். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, தம் தந்தை வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டதைச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ நூலுக்கு 1992இல் சிறப்புப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைப் படங்கள் இல்லாமல் உரைநடையில் எழுதினால் வேறொரு நூலாகிவிடும்.

கேள்வி: சிறுவயது முதல் சேர்த்த காமிக்ஸ் இதழ்களை உறையிட்டு வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். கொடுத்தால் கிழித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். (வாசகர், ஈரோடு)

பதில்: கிடைப்பதற்கே அரிதான இரண்டு மூன்றை மட்டும் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றைக் கொடுங்கள். பாட்லி ஒதுக்கிய நாடகங்கள் அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய நூலகத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தன. ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களைக் கொண்ட 1623ஆம் ஆண்டின் முதல் தொகுப்பு அங்கே சங்கிலியிட்டு வைக்கப்பட்டது. புதிய பதிப்பு வந்ததும் பழையது எதற்கு என்று விற்றுவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்து அதே பிரதி அகப்பட்டபோது, பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1906இல் 3,000 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். சங்கிலியிட்டிருந்த நாட்களில் அதைப் படித்த மாணவர்கள் விட்டுச்சென்ற தடம் இன்றும் அதில் இருக்கிறது. மற்ற நாடகங்களைவிட ரோமியோ ஜூலியட்டின் தாள்களே மிகுதியாகத் தேய்ந்திருக்கின்றன.