பிடித்த பணத்துக்குப் பத்திரம் எங்கே?

கேள்வி: நியூ ஜெர்சியில் 14 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்கான வரியை நிறுவனத்துக்குப் பதில் பங்குதாரரே தன் கணக்கில் கட்டும் வகை); முழுப் பங்கும் என்னுடையது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் எஃப்.எஸ்.ஏ. தொகையையும் (ஊழியர் தன் மருத்துவச் செலவுக்காக ஒதுக்கும் பணம்) வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்கிறோம். நானும், இங்கேயே கணக்குப் பார்க்கும் என் மனைவியும் அதில் சேர்ந்திருக்கிறோம். சம்பளப் பட்டியல் போடும் பேரோல் நிறுவனம் எல்லாவற்றையும் கவனிக்கிறது. ஆண்டுக்கு 3,000 டாலர் என எழுதிக்கொடுத்த ஊழியர் ஒருவர், பிப்ரவரியில் கண் அறுவை சிகிச்சைக்கு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு மாதக் கடைசியில் விலகிவிட்டார். அவரிடம் பிடித்தது 500 டாலர்தான். மீதியைக் கடைசிச் சம்பளத்தில் கழிக்கலாமா? ஊழியர் நலத் திட்டத்துக்கான ஆண்டறிக்கையான படிவம் 5500 தாக்கல் செய்ய வேண்டுமா?

பதில்: கழிக்கக் கூடாது. மருத்துவ எஃப்.எஸ்.ஏ.யில் ஆண்டுத் தொகை முழுவதும் முதல் நாளிலிருந்தே ஊழியருக்குக் கிடைக்க வேண்டும் என்பது விதி. வேலையில் இருந்தபோது செய்த செலவுக்கு அவர் வாங்கியது சரியே. 2,500 டாலர் உங்கள் நஷ்டம். மறுபுறம், மற்றவர்கள் செலவழிக்காமல் விட்டுப் பறிபோகும் தொகையைத் திட்டத்தின் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் லாபமும் நஷ்டமும் இப்படித்தான் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

நீங்கள் கேட்காத விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. எஸ் கார்ப்பரேஷனில் 2 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர், வரிக்கு முன்பே பிடிக்கும் இத்தகைய திட்டத்தை அனுமதிக்கும் வரிச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்கு ஊழியரே அல்ல. உங்கள் மனைவி தினமும் அலுவலகம் வந்து கணக்கு எழுதினாலும், உங்கள் பங்கு அவருடையதாகவும் கருதப்படும் என்பதால் அவருக்கும் அதே கதிதான். சேரக் கூடாதவர்களைச் சேர்த்த திட்டம், மற்ற பன்னிரண்டு பேருக்கும் வரிச்சலுகையை இழக்கும் அபாயத்தில் இருக்கிறது. இருவரையும் உடனே வெளியே எடுங்கள். இனி உங்கள் பிரீமியத்தை நிறுவனம் கட்டி, ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் முதல் பெட்டியில் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டட்டும்; தகுதியிருந்தால் உங்கள் சொந்த வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கடந்த ஆண்டுகளுக்கு டபிள்யூ-2சி (டபிள்யூ-2 திருத்தம்), 941-எக்ஸ் (நிறுவனத்தின் காலாண்டுச் சம்பள வரிக் கணக்கின் திருத்தம்) படிவங்களில் திருத்தம் தேவைப்படும்.

அடுத்து, எழுத்து வடிவத் திட்ட ஆவணம். பேரோல் நிறுவனம் பிடித்தம் செய்யும். ஆவணத்துக்குப் பொறுப்பு முதலாளி. யார் சேரலாம், எப்போது மாற்றலாம், மீதம் அடுத்த ஆண்டுக்குப் போகுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2025-இல் எஃப்.எஸ்.ஏ. உச்சவரம்பு 3,300 டாலராக இருந்தது. அதில் 660 டாலர் வரை மறு ஆண்டுக்குக் கொண்டுபோக முடிந்தது, ஆனால் ஆவணம் அனுமதித்தால் மட்டும். ஆவணமே இல்லையென்றால் பிடித்ததெல்லாம் வரிக்குரிய சம்பளமாகிவிடும். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் முதலாளி பங்கான 7.65 சதவீதமும் உங்கள் தலையில் விழும். முன்தேதியிட்டு எழுதிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் கேட்கும் வாடிக்கையாளர்களில் பலர், பேரோல் நிறுவனத்தின் வரவேற்பு மின்னஞ்சலைத்தான் ‘திட்ட ஆவணம்’ என்று எடுத்து நீட்டுகிறார்கள்.

படிவம் 5500 உங்களுக்குத் தேவையில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 100-க்குக் குறைவான உறுப்பினர்கள் இருந்து, பலன்கள் காப்பீடு மூலமோ உங்கள் நிறுவனத்தின் பொதுக் கணக்கிலிருந்தோ வழங்கப்பட்டால் விலக்கு உண்டு. ஆனால் திட்டச் சுருக்கத்தை ஊழியர்களுக்குக் கொடுக்கும் கடமைக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஊழியர் எழுதிக் கேட்டு 30 நாளில் கொடுக்காவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். சலுகை உயர் சம்பளக்காரர்களுக்கே சாதகமாக இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் பாரபட்சமின்மைச் சோதனையின் முடிவை எங்கும் தாக்கல் செய்ய வேண்டாம்; கோப்பில் மட்டும் வைத்திருங்கள்.

ஜனவரியில் டபிள்யூ-2 கொடுத்ததும், “முதல் பெட்டியைவிட 16-ஆம் பெட்டியில் சம்பளம் கூடுதலாக இருக்கிறதே, தவறா?” என்று ஊழியர்கள் கேட்பார்கள். தவறில்லை. முதல் பெட்டி மத்திய வரிக்கான சம்பளம்; 16-ஆம் பெட்டி மாநில வரிக்கானது. மத்திய அரசு விலக்கும் இந்தப் பிடித்தங்களுக்கு நியூ ஜெர்சி மாநிலம் பொதுவாக வரி வாங்குகிறது.