பழைய காருக்குப் புது கேஸ்கெட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா ஓட்டிய அம்பாசிடரைப் பள்ளத்தூர் வீட்டில் வைத்துச் சீர்செய்து வருகிறோம். பெயின்ட் வேலை முடிந்துவிட்டது. பின்விளக்குக்கும் கதவுக் கைப்பிடிக்கும் அடியில் இருந்த ரப்பர் கேஸ்கெட்டுகள் கல்லாகி உடைந்துபோயின. துண்டுகளைச் சேர்த்துவைத்து அதே அளவில் லாரி டியூபில் வெட்டினோம். விளக்கைவிடச் சின்னதாக இருக்கிறது, ஓட்டைகளும் சேரவில்லை. எங்கே தவறினோம்?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: அளவெடுத்த இடத்தில். ரப்பர் வயதாக ஆக இறுகிச் சுருங்கும். உடைந்த கேஸ்கெட் இன்று காட்டுவது சுருங்கிய அளவைத்தான். எதற்குக் கீழே உட்காரப்போகிறதோ, அந்த விளக்கிலிருந்தே அளவெடுங்கள்.

கனமான கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று போதும். விளக்கின் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அவற்றுக்கு மட்டும் ஓட்டை போட்டு, அட்டையை அடிப்பாகத்தில் படியவையுங்கள். விளிம்பை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வடிவம் அப்படியே பதியும். வெட்டிய அட்டையைக் கார் பாடியிலும் வைத்துப் பாருங்கள். ஓட்டைகள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் ரப்பரில் கைவைக்க வேண்டும். இடது விளக்கின் அட்டையைத் திருப்பிப் போட்டால் வலதுக்கு ஆகும். ஷீட்டின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் துணி அச்சோடும் இருந்தால், எது வெளியே தெரிய வேண்டும் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

டியூப் வேண்டாம். அது வளைந்தே வார்க்கப்பட்டது. கனமும் ஒரே சீராக இராது. எவ்வளவு இறுக்கினாலும் ஒரு ஓரம் தூக்கும், ஐப்பசி மழையில் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். வெயிலுக்கும் மழைக்கும் நிற்பது இ.பி.டி.எம். ரப்பர் ஷீட்தான். சமதளத்துக்கு 2 மி.மீ., மட்கார்டு போல வளைந்த இடத்துக்கு 3 மி.மீ. கனம் வாங்குங்கள். கடையிலேயே ஒரு மூலையை நன்றாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது நாள்பட்ட சரக்கு.

வெட்டும் வரிசை முக்கியம். முதலில் போல்ட் ஓட்டைகள், அடுத்து உள்வெட்டு, கடைசியில்தான் வெளிவிளிம்பு. வெளிவிளிம்பை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் ரப்பர் இழுபடும். ஓட்டைக்கு வாஷர் பஞ்ச் பயன்படுத்துங்கள். பஞ்ச் இறங்கும்போது ரப்பர் பிதுங்குவதால், வெட்டிய ஓட்டை பஞ்சைவிடச் சற்றுச் சிறிதாகவே விழும். எனவே போல்ட்டைவிட ஒரு மி.மீ. பெரிய பஞ்சை எடுங்கள். அடியில் இரும்பை வைத்தால் பஞ்சின் முனை மழுங்கிவிடும். கறிக்கடையில் போட்டிருப்பார்களே, அதுபோல நெடுக்கு நார் மேல்நோக்கி நிற்கும் புளியங்கட்டைதான் சரி.

உள்வெட்டின் மூலைகளில் முதலில் 6 மி.மீ. பஞ்சால் ஓட்டை போட்டுவிட்டு, ஓட்டைக்கு ஓட்டை பிளேடால் இணையுங்கள். கூர்மூலை விட்டால் கிழிசல் அங்கேதான் தொடங்கும். புது பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, செங்குத்தாகப் பிடித்து, மூன்று இழுப்பில் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் அழுத்தினால் பிளேடு சாயும். மேலே சரியாக இருக்கும் விளிம்பு, கீழே சரிந்திருக்கும்.

மாட்டுவதற்கு முன் பாடியில் உள்ள ஓட்டைகளின் ஓரத்துக்குப் பிரைமரும் பெயின்டும் தொட்டுவையுங்கள். துரு அங்கிருந்துதான் கிளம்பும். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் பசையைக் கிட்டவே சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் வெற்று இரும்பையும், கைப்பிடி வார்த்த துத்தநாகக் கலவையையும் அரிக்கும். நல்ல கேஸ்கெட்டுக்குப் பசையே தேவையில்லை.

நட்டுகளைக் கையால் சேர்த்துவிட்டு, எதிரெதிராக அரைச்சுற்று அரைச்சுற்றாக முடுக்குங்கள். ரப்பர் கால்வாசி அமுங்கினால் போதும், 3 மி.மீ. ஷீட் இரண்டேகால் அளவுக்கு வரலாம். அதற்கு மேல் போனால் போல்ட்டுகளுக்கு நடுவே ரப்பர் பிதுங்கும், போல்ட் பிடிக்கும் விளக்கின் காது முறியும். மறுநாள் ரப்பர் படிந்த பிறகு கால்சுற்று போடுங்கள்.

விளக்கு மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். பழைய வண்டிகளில் பல விளக்குகளுக்கு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, விளக்கின் போல்ட் மூலமாகவே பாடிக்குப் போகும். புது பெயின்டும் ரப்பரும் அதை மறித்துவிடும். தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: மீதமுள்ள இ.பி.டி.எம். ஷீட்டில் பெட்ரோல் டேங்க் மூடிக்கும் வாஷர் வெட்டலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: கூடாது. பெட்ரோல் பட்டால் இ.பி.டி.எம். ஊதிக் கொழகொழத்துவிடும். அங்கே நைட்ரைல் ரப்பர் வேண்டும். கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் ஒரு துண்டைப் பெட்ரோலில் ஓர் இரவு போட்டு, அதே அளவில் வெட்டிய இன்னொரு துண்டோடு காலையில் ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரிய ஊதியிருந்தால் பெட்ரோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெளியே வெயில் படும் விளக்குக்கு நைட்ரைலையும் போடாதீர்கள். அது சீக்கிரம் வெடித்துப்போகும்.

கேள்வி: கதவைச் சுற்றி ஒட்டிய ரப்பர் பீடிங் மூலைகளில் கழன்று வருகிறது. பசை மோசமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: பெரும்பாலும் ஒட்டிய விதம்தான் காரணம். நீளம் பற்றவில்லை என்று இழுத்து ஒட்டினால், ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். மூலை முதலில் விடும். மூலையில் சற்றுத் தளர்த்தியே விடுங்கள். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கத்தில் வரட்டும். மேலே வைத்தால் மழைத்தண்ணீர் அந்த இடுக்கில்தான் நுழையும்.