கோயில் திறக்கிறது: சபையார் கேட்டதும் நான் சொன்னதும்

கொரோனா பரவலால் 2021 ஏப்ரல் 26 அன்று பூட்டின கோயிலை ஜூலை 5 முதல் திறக்கலாம் என்று தமிழக அரசு சொல்லிவிட்டது. வருகிற 11-ஆம் தேதி நமக்கு முதல் ஞாயிறு ஆராதனை. "சிஸ்டர், ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள், நீங்களே பதில் எழுதிவிடுங்கள்" என்றார் போதகர் ஐயா. இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன், அதில் கடைசி ஏழு வருடம் தொற்றுத் தடுப்புப் பிரிவு. இந்த மே மாதம் மட்டும் நம் சபையில் நாலு அடக்கம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பதிலையும் எழுதுகிறேன்.

கமிட்டி அண்ணன் ஒருவர்: கோயில் முழுக்க மருந்து அடிக்க ஆள் பேசிவிட்டோம். வாசலில் ஆட்கள் மேல் மருந்து தெளிக்கிற டனலும் வைக்கலாமா?

டனல் வேண்டவே வேண்டாம் அண்ணே. ஆள் மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கண்ணும் தோலும் எரியும், மூச்சுக்குள் போன கிருமியை அது ஒன்றும் செய்யாது. பெஞ்ச், கதவுப் பிடி, மைக் இவற்றைத் துடைத்தால் போதும். பெஞ்சுக்கு ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் என்கிற பிளீச் கரைசல், மைக்கும் பித்தளைச் சாமானும் அதில் அரித்துப்போகும் என்பதால் அவற்றுக்கு ஸ்பிரிட். மருந்து அடிக்க ஒதுக்கின பணத்தில் நாலு பெடஸ்டல் ஃபேன் வாங்குங்கள். இந்த நோய் தரையிலிருந்து ஏறி வருவதைவிட, பக்கத்தில் இருப்பவர் மூச்சிலிருந்து காற்றில் வருவதுதான் மிக மிக அதிகம்.

பாடகர் குழுவில் ஒரு தங்கச்சி: அக்கா, பாடாமல் என்ன ஆராதனை? ஆறடி தள்ளி நின்று பாடினால் ஆகாதா?

உன் ஏக்கம் புரிகிறதும்மா, எனக்கும் பதினொரு வாரமாகக் கீர்த்தனை கேட்காமல் என்னவோ போல்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்று ஓர் ஊர். அங்கே 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு, ஓர் ஆலயக் கூடத்தில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தது 61 பேர். வாசலில் சானிடைசர் கொடுத்தார்கள், கை குலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அப்படியும் நோயோடு வந்த ஒருவரிடமிருந்து 32 பேருக்குத் தொற்றினது பரிசோதனையில் உறுதியானது, இன்னும் 20 பேருக்கு அதே அறிகுறி, இரண்டு பேர் இறந்தார்கள். கையைச் சுத்தமாக வைத்தும் காற்றில் வந்ததிலிருந்து தப்ப முடியவில்லை. பேசும்போது வருவதைவிடப் பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் வரும், மூடின இடத்தில் அவை புகை மாதிரி மிதந்துகொண்டே இருக்கும்.

அதனால் கோயிலுக்குள் கூட்டுப்பாடல் இப்போதைக்கு இல்லை. இந்த 2021-இன் அரசு வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது, பதிவுசெய்த பாடலைப் போடலாம். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனபிறகு, வேப்பமரத்தடியில் மாஸ்க் போட்டுக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்று ஒரே ஒரு பாட்டு பாடலாம் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

வாலிபர் சங்கத்துத் தம்பி: ஏ.சி. போடலாமா, ஃபேன் போதுமா?

ஏ.சி. வேண்டாம் தம்பி. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றைத்தான் குளிரவைத்துத் திரும்ப அனுப்பும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. சன்னலை அடைத்துவிட்டு சீலிங் ஃபேன் போட்டாலும் அதே கதைதான்.

சனிக்கிழமை நானும் மணியடிக்கிற அண்ணனும் ஒரு சோதனை செய்தோம். பாடகர் குழு உட்காரும் மூலையில் ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்துப் புகை எங்கே போகிறது என்று பார்த்தோம். மற்ற இடமெல்லாம் பரவாயில்லை, அந்த மூலையில் மட்டும் புகை தலைக்கு மேலே தட்டுத் தட்டாக அப்படியே நின்றது, கால் மணி நேரம் ஆகியும் கலையவில்லை. மொத்தம் பதினொரு சன்னல், அதில் நாலு பெயிண்ட் ஒட்டிப் பல வருடமாகத் திறக்காதவை. அண்ணன் உளியால் சுரண்டி, எண்ணெய் விட்டு, தோளால் ஒரு முட்டு முட்டினார். திறந்ததும் எதிர்ச் சன்னலில் ஒரு ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தோம், இரண்டு நிமிடத்தில் புகை போய்விட்டது. ஞாயிறன்றும் ஃபேன் அப்படித்தான் இருக்கும், ஆட்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிவிடாதீர்கள். மழை வந்தால் பெஞ்ச் நனையும், நனையட்டும்.

ஓர் ஐயா: திருவிருந்தில் எல்லோரும் ஒரே பொதுக் கிண்ணத்தில் குடிப்பதுதானே நம் வழக்கம்? அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் சரியா?

ஐயா, தோய்ப்பதில் விரல்களும் சேர்ந்து நனைகிறது, அதனால் அது பொதுக் கிண்ணத்தைவிடப் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். ஒரே முறை பயன்படுத்தும் சின்னக் கிண்ணங்களில் முன்கூட்டியே ஊற்றி, மூடி வைத்துவிடலாம். ஊற்றுகிறவர் கை கழுவி மாஸ்க் போட்டிருக்க வேண்டும். முழங்காலில் நெருக்கமாக வரிசை வேண்டாம், அவரவர் இடத்திலேயே வாங்கி, வாங்குகிற நேரம் மட்டும் மாஸ்க்கை இறக்கினால் போதும். அப்பத்தின் மேல் சொல்லுகிற ஜெபத்தைப் போதகர் மாஸ்க்கோடுதான் சொல்லுவார்.

வாசலில் காய்ச்சல் பார்க்கிற மெஷின் இருக்கிறதே, போதாதா?

போதாது. காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுவார். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் மெஷினுக்கு எதுவும் தெரியாது. தொண்டை கரகரப்பு, மூக்கடைப்பு, வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

ஒரு தாயார்: தடுப்பூசி போட்டால் விசுவாசம் குறைந்தவர்கள் என்று பேசுகிறார்களே, நர்ஸம்மா?

அம்மா, வியாதி சந்தேகம் உள்ளவனை ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடி பார்த்து, இன்னும் ஏழு நாள் அடைத்துவை என்று வேதாகமத்தின் லேவியராகமத்தில் ஆசாரியனுக்கே கட்டளை இருக்கிறது. பாதுகாத்துக்கொள்வதும் கீழ்ப்படிதல்தான். எங்கள் வார்டில் விசுவாசம் நிறைந்தவர்களும் மூச்சுக்குத் திணறினதைக் கண்ணால் பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். யாரையும் அப்படிப் பேசாதீர்கள், தயவுசெய்து. கோவிஷீல்டுக்கு இந்த 2021 ஜூலை நிலவரப்படி 84 நாள் கழித்து இரண்டாவது ஊசி, கோவாக்சினுக்கு 28 நாள். கர்ப்பிணிகளும் போடலாம் என்று இந்த ஜூலை 2 அன்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனபிறகுதான் முழுப் பலன், அதற்குப் பிறகும் மாஸ்க் உண்டு.

கல்யாணம், அசனம் என்கிற சபை விருந்து, பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி, இதெல்லாம் எப்படி?

கல்யாணத்துக்கு 50 பேர், அடக்கத்துக்கு 20 பேர், இது 2021 ஜூலை அரசு உத்தரவு. அசனம் இந்த வருடம் வேண்டாம், மாஸ்க்கைக் கழற்றி நெருங்கி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நமக்கு ஆகாதது. பிள்ளைகளுக்கு இந்த 2021 ஜூலை வரை ஊசி வரவில்லை, ஓய்வுநாள் பள்ளி மரத்தடியில், அரைமணி நேரம். காணிக்கைப் பை கைமாறாது, வாசலில் பெட்டி இருக்கும். தண்ணீர் அவரவர் கொண்டுவாருங்கள்.

வந்து போன ஒருவருக்கு அடுத்த நாள் பாசிட்டிவ் என்றால்?

அதற்குத்தான் வாசலில் நோட்டு: பெயர், போன், எந்த பெஞ்ச். 6.30-க்கு ஒன்று, 8.30-க்கு ஒன்று என்று இரண்டு ஆராதனை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஒரு பெஞ்ச் விட்டு ஒரு பெஞ்ச். யாருக்காவது உறுதியானால் எனக்கோ போதகருக்கோ உடனே சொல்லுங்கள். அந்த ஆராதனைக்கு வந்தவர்களை மட்டும் கூப்பிட்டுத் தனித்திருக்கச் சொல்லுவோம், ஐந்தாம் நாளைச் சுற்றிப் பரிசோதனை. ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி, சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ உதவி எண். நோய் வந்தவர் பெயர் அறிவிப்பில் வராது. போன வருடம் ஒரு வீட்டுக்குத் தெருவே பேசாமல் இருந்தது, அதனால்தான் பக்கத்து வீட்டில் காய்ச்சலை மறைத்தார்கள்.

ஓர் அக்கா: மே மாதம் அவரைக் கொடுத்துவிட்டேன். கோயிலுக்கு வர ஆசை, கூட்டத்தைப் பார்த்தால் பயம். அந்த பெஞ்சில் உட்காரவும் முடியாது.

வராவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் அக்கா. போனில் நேரலை நிற்காது, திருவிருந்தைப் போதகர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவருவார். வரவேண்டும் போலிருந்தால் 6.30 ஆராதனைக்கு வாருங்கள், அதில் கூட்டம் குறைவு. தெற்கு வாசலுக்கு வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், அங்கேயிருந்து பலிபீடம் தெரியும், காற்றும் வரும். பாதியில் எழுந்து போகத் தோன்றினால் போய்விடலாம். நான் அந்த வாசலில்தான் நோட்டோடு நிற்பேன்.