மூடிய சட்டி

வணக்கம் ஐயா,
நீங்கள் ஓர் உரையில் சொன்னதைக் கேட்டு இயக்குநர் மிக்கேல் ஹனெகேயின் 'டைம் ஆஃப் தி வுல்ஃப்' படத்தைப் பார்த்தேன். உலகத்துக்கு என்ன நேர்ந்தது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. எல்லாம் போனால் மனிதன் மிருகம்தான் என்கிறாரா? அதற்கு ஏன் இவ்வளவு வேதனைப்பட்டுப் பார்க்க வேண்டும்?
வாசகி, செந்தூல்

அன்புள்ள சகோதரிக்கு,

காரணத்தைச் சொல்லியிருந்தால் நாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரிகிறது. விடுமுறை வீட்டுக்குக் காரில் வருகிறார்கள். உள்ளே வேறு ஒரு குடும்பம், கையில் துப்பாக்கி. கணவன் செத்து விழுகிறான். மனைவியாக நடிக்கும் இஸபெல் ஹுப்பேர் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குள் போய் உதவி கேட்கிறார், ஒருவரும் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தக் கொலையைவிட இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. 2003இல் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே காட்டப்பட்ட படம். ஹனெகேயைக் கொண்டாடுபவர்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் அந்த ரயில் நிலையம். என்றாவது ஒரு ரயில் நின்று ஏற்றிக்கொள்ளும் என்று காத்திருக்கும் கூட்டம், தண்ணீருக்குப் பண்டமாற்று. எனக்கு அங்கே என் பாட்டி நினைவு வந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் மலாயா தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பாட்டியின் அண்ணனும் போனார், திரும்பவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், மிச்சமிருந்தவர்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்தக் காலத்துப் பசியைப் பாட்டி கதைபோலச் சொல்வார். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அழுதுவிடுவார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுத சத்தம் கேட்டதும் கிழங்குச் சட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டாராம். எண்பது வயதிலும் அந்தச் சட்டியை அவரால் மறக்க முடியவில்லை.

மிருகத்துக்கு அந்த அழுகை வராது, சகோதரி. படத்திலும் அதுதான் இருக்கிறது என்று நம்புகிறேன். யாராவது தன்னைத் தீயில் கொடுத்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்பதுபோல் ஒரு கதையைக் கேட்ட அந்தக் குடும்பத்துச் சிறுவன் பென், இரவில் உடுப்பைக் கழற்றிவிட்டு நெருப்பை நோக்கி நடக்கிறான். காவலுக்கு நின்ற ஆள் ஓடி வந்து அவனைத் தூக்கி அணைத்துக்கொள்கிறான். நல்ல காலம் வரும் என்று ஏதேதோ சொல்லித் தேற்றுகிறான். பென் அந்த ஆளுடைய பிள்ளை இல்லை, உறவும் இல்லை.

அதற்குப் பிறகு ஓடும் ரயிலிலிருந்து தெரியும் பச்சை வெளி மட்டும்தான். யார் பார்க்கிறார்கள் என்று காட்டுவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமாவது இன்னொரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.