விழும் கல்லுக்கு முடுக்கம் பிளஸா, மைனஸா?

கேள்வி: என் மகள் மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கிறாள். "25 மீட்டர் உயரக் கட்டடத்தின் விளிம்பிலிருந்து ஒரு கல் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது எவ்வளவு நேரத்தில் தரையைத் தொடும்?" என்ற கணக்குக்கு அவளுக்கு 1 விநாடி வருகிறது. புத்தகத்தில் விடை 5 விநாடி. 'மேலே போனால் மைனஸ், கீழே வந்தால் பிளஸ்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். கல் கடைசியில் கீழேதானே வருகிறது என்று பிளஸ் போட்டாளாம். நானும் போட்டுப் பார்த்தேன், எனக்கும் 1 தான் வந்தது. பக்கவாட்டில் எறியும் கணக்கிலும் கார் பிரேக் போடும் கணக்கிலும் இதே தடுமாற்றம். எப்படிச் சொல்லிக்கொடுத்தால் புரியும்?

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் இருவருக்கும் வந்த 1 விநாடி, வேறொரு கேள்விக்கான சரியான விடை. அதே கட்டடத்திலிருந்து அதே வேகத்தில் கல்லைக் கீழ்நோக்கி எறிந்தால் அது சரியாக 1 விநாடியில் தரையைத் தொடும். உங்கள் கூட்டல், பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. அந்த மனப்பாட விதிதான் கல்லின் திசையைத் திருப்பிவிட்டது.

அந்த விதியை இன்றே மறந்துவிடச் சொல்லுங்கள். எத்தனையோ மாணவர்களை அது இதே இடத்தில் கவிழ்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். புவியீர்ப்பு கல்லை எப்போதும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. கல் மேலே போகிறதா, கீழே வருகிறதா, உச்சியில் ஒரு கணம் நிற்கிறதா என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. பிளஸ், மைனஸ் என்பது நாம் எந்தத் திசையை நேர்த்திசை என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை அதை முடிவு செய்ய வேண்டும். கணக்கு முடியும் வரை அதை மாற்றக் கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். மேல்நோக்கிய திசை நேர்த்திசை என்று வைத்துக்கொள்வோம். தாளின் ஓரத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி வரைந்து பக்கத்தில் பிளஸ் போடச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். எறிந்த இடம்தான் நமக்குப் பூஜ்ஜியப் புள்ளி. தொடக்கத் திசைவேகம் மேல்நோக்கி இருப்பதால் +20. முடுக்கம் கீழ்நோக்கி இருப்பதால் −10 (கணக்கு எளிதாக இருக்க 9.8-ஐ 10 என்று எடுத்துக்கொள்கிறேன்). தரை, எறிந்த இடத்துக்கு 25 மீட்டர் கீழே இருக்கிறது. எனவே இடப்பெயர்ச்சி −25. இந்தக் கடைசி மைனஸைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சமன்பாடு கேட்பது, முடிவில் கல் தொடங்கிய இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும்தான். இடையில் அது எவ்வளவு தூரம் சுற்றி வந்தது என்பதற்கு அதில் இடமில்லை.

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம்.

நேரத்தை 'நே' என்று எழுதினால்,

−25 = 20நே − 5நே²

இதை 5-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால் நே² − 4நே − 5 = 0. தீர்வுகள் இரண்டு: 5, −1.

விடை 5 விநாடி. மேலே போவதையும் கீழே வருவதையும் தனித்தனியாகப் பிரிக்கத் தேவையே இல்லை. ஒரே சமன்பாடு முழுப் பயணத்தையும் பார்த்துக்கொள்கிறது.

அந்த −1-ஐ 'காலம் எதிர்க்குறியில் வராது' என்று சொல்லி அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. இந்தக் கணக்கிலேயே மிக அழகான இடம் அதுதான். கட்டடம் என்று ஒன்று இருப்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே போகும் ஒரு கல், 10 என்ற முடுக்கம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இந்தக் கல் தரை மட்டத்தில் எப்போதெல்லாம் இருக்கும் என்று நாம் கேட்கிறோம். இனி 5 விநாடி கழித்து ஒரு முறை, 1 விநாடிக்கு முன்பு ஒரு முறை என்று அது பதில் சொல்கிறது. அதாவது, கல்லைத் தரையிலிருந்தே விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் 1 விநாடி முன்னதாக யாராவது எறிந்திருந்தால், கட்டடத்தின் விளிம்பைக் கடக்கும்போது அதன் வேகம் சரியாக 20 ஆகக் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு கற்களுக்கும் பயணம் ஒன்றேதான்.

அந்தக் கற்பனைக் கல்லின் பயணத்தை விநாடி விநாடியாக எழுதிப் பாருங்கள். முதல் விநாடியில் 25 மீட்டர் ஏறுகிறது, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 5. மொத்தம் 45 மீட்டர் உயரத்தில் உச்சி. பிறகு இறங்கும்போது 5, 15, 25. ஏறியது எப்படியோ அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல் இறங்குகிறது. 5, 15, 25 என்பவை 1, 3, 5 என்ற ஒற்றை எண்களின் விகிதம். சரிவுப் பலகையில் உருண்டைகளை உருட்டி, நீர்க்கடிகாரத்தால் நேரம் அளந்து, ஓய்விலிருந்து கிளம்பும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் இந்த விகிதத்தில் இருக்கும் என்று கலிலியோ காட்டினார். 1638-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. மகளுக்கு வந்த அந்த 1 விநாடி இங்கேயும் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தீர்களா? கீழ்நோக்கி எறிந்த கல் 25 மீட்டரைக் கடக்க எடுக்கும் 1 விநாடி, மேலே ஏறும் கல் அதே 25 மீட்டரைக் கடக்க எடுக்கும் 1 விநாடி, இரண்டும் ஒரே பயணத்தின் முன்பக்கமும் பின்பக்கமும்.

கீழ்நோக்கிய திசையை நேர்த்திசை என்று வைத்தும் ஒரு முறை போடச் சொல்லுங்கள். அப்போது 25 = −20நே + 5நே² என்று வரும். சுருக்கினால் அதே சமன்பாடு, அதே 5, அதே −1. இதைத் தன் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குக் குறி மேல் இருக்கும் பயம் போய்விடுகிறது.

இதோடு ஒட்டிய ஒரு சந்தேகம் உங்கள் மகளுக்கும் வரும். உச்சியில் கல் நிற்கிறதே, அங்கே முடுக்கமும் பூஜ்ஜியம்தானே? கிடையாது. அங்கே பூஜ்ஜியமாவது திசைவேகம் மட்டும். முடுக்கம் அங்கேயும் அதே 9.8 தான். முடுக்கமும் பூஜ்ஜியமாகிவிட்டால் கல் அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டியதுதான்.

அப்புறம், கார் பிரேக் கணக்கு. சமன்பாடு அதேதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் கார் பிரேக் போடுகிறது. முடுக்கம் −5 என்று வைத்துக்கொள்வோம். 4 விநாடியில் கார் நின்றுவிடும், அதற்குள் 40 மீட்டர் போயிருக்கும். இப்போது 'பிரேக் போட்ட 6 விநாடியில் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும்?' என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் 6-ஐப் போடுவார்கள். 20 × 6 − 2.5 × 36 = 30 மீட்டர். நாலு விநாடியில் 40 மீட்டர் போன கார் ஆறு விநாடியில் 30 மீட்டரில் இருக்கிறது என்றால், அது நின்றுவிட்டு 10 மீட்டர் பின்னால் வந்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக் எந்தக் காரையும் பின்னால் ஓட்டாது.

கல் திரும்பி வருகிறது, கார் வருவதில்லை. ஏன்? கல் நின்ற பிறகும் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. பிரேக்கின் உராய்வோ, சக்கரம் நின்ற நொடியில் வேலையை முடித்துக்கொள்கிறது. சீரான முடுக்கத்துக்கான சமன்பாடுகள், முடுக்கம் சீராக நீடிக்கும் வரைதான் செல்லும். எனவே பிரேக் கணக்கு என்றால், நிற்க ஆகும் நேரத்தை முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். கேட்ட நேரம் அதைத் தாண்டினால் விடை 40 மீட்டர்தான்.

பக்கவாட்டில் எறியும் கணக்கு உண்மையில் இதைவிட எளிது. ஆனால் மாணவர்கள் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக ஒரு பந்தை எறிகிறோம் என்றால், விழும் நேரத்துக்கான சமன்பாட்டில் அந்த 15-ஐக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். தாளை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கிடைமட்டம், மறுபக்கம் செங்குத்து. கிடைமட்டப் பக்கத்தில் 15 மட்டும். அங்கே முடுக்கம் கிடையாது. செங்குத்துப் பக்கத்தில் தொடக்கத் திசைவேகம் பூஜ்ஜியம், முடுக்கம் 10, தூரம் 20. கோட்டைத் தாண்டிப் போக அனுமதி உள்ள ஒரே எண் நேரம். இரண்டு பக்கத்துக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

செங்குத்துப் பக்கம்: 20 = 5நே², எனவே 2 விநாடி. இந்த 2-ஐ மட்டும் கோட்டைத் தாண்டி எடுத்துச் செல்லுங்கள். கிடைமட்டப் பக்கம்: 15 × 2 = 30 மீட்டர். தரையைத் தொடும்போது கிடைமட்டத் திசைவேகம் அதே 15, செங்குத்துத் திசைவேகம் 20. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் பிதாகரஸ் முறையில் சேர்த்தால் விநாடிக்கு 25 மீட்டர். நேராகக் கூட்டி 35 என்று எழுதக் கூடாது.

பந்தை 15-க்குப் பதில் 50 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும் விழ ஆகும் நேரம் அதே 2 விநாடிதான் என்பதை மனம் லேசில் ஒப்புக்கொள்ளாது. வாதாட வேண்டாம், செய்து காட்டிவிடுங்கள். மேசை விளிம்பில் ஒரு நாணயத்தை வைத்து அதைச் சுண்டிவிடுங்கள். அதே கணத்தில் அதே உயரத்திலிருந்து இன்னொரு நாணயத்தைச் சும்மா விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தரையில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். கை ஒத்துழைக்க இரண்டு மூன்று தடவை ஆகலாம். 80 சென்டிமீட்டர் மேசையிலிருந்து விழ 0.4 விநாடிதான் ஆகும். அதனால் கைபேசியின் ஸ்லோ மோஷனில் படம் எடுத்துவைத்தால் இரண்டு நாணயங்களும் ஒவ்வொரு படத்திலும் ஒரே உயரத்தில் இறங்குவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

இரண்டு பக்கத்திலும் முடுக்கம் இருந்தால்? அதுவும் பிரச்சினை இல்லை, பிரித்த தாள் அப்படியே கைகொடுக்கும். விநாடிக்கு விநாடி 2 மீட்டர் என்று சீராக வேகம் கூடும் பேருந்துக்குள் நின்றபடி, 1.25 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விடுகிறீர்கள். பேருந்தில் இருப்பவர் கண்ணுக்குப் பந்து கீழ்நோக்கி 10 என்ற முடுக்கத்தோடும் பின்நோக்கி 2 என்ற முடுக்கத்தோடும் போகிறது. விழும் நேரம் 0.5 விநாடி. அதற்குள் பின்னால் நகர்ந்த தூரம் ½ × 2 × 0.25 = 0.25 மீட்டர். பாதை என்னவாக இருக்கும் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். பரவளையம் என்றுதான் சொல்வாள். ஆனால் இரண்டு பக்கமும் பூஜ்ஜியத்தில் தொடங்கி, இரண்டும் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், விகிதம் எப்போதும் 1-க்கு 5 தான். பேருந்துக்குள் பார்த்தால் பந்து சாய்ந்த நேர்கோட்டில் விழுகிறது.

இவை எல்லாவற்றிலும் காற்றின் தடையை விட்டுவிட்டோம். கல்லுக்கும் நாணயத்துக்கும் இந்த உயரங்களில் அது பரவாயில்லை. இறகுக்கோ காகிதத்துக்கோ செல்லாது. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார்; காற்றில்லாத அங்கே இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அதன் காணொளியை மகளுக்குக் காட்டுங்கள். 10-க்குப் பதில் 9.8 போட்டால் முதல் கணக்கின் விடை ஏறக்குறைய 5.1 விநாடி ஆகும். தேர்வில் எந்த மதிப்பைக் கொடுத்திருக்கிறார்களோ அதையே போடட்டும்.

புரிந்துவிட்டதா என்று பார்க்க இந்த ஒரு கணக்கைக் கொடுங்கள். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலேறும் ஹெலிகாப்டரிலிருந்து, 40 மீட்டர் உயரத்தில் ஒரு மூட்டை நழுவி விழுகிறது. தரையைத் தொட எவ்வளவு நேரம்? முடுக்கம் 10 என்றே எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு 4 விநாடி வர வேண்டும். 2 வந்தால் பழைய பிளஸ், மைனஸ் விதி இன்னும் அவளை விடவில்லை; அம்புக்குறியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். 2.8 வந்தால் 'நழுவி விழுகிறது' என்ற சொல்லைப் பார்த்துத் தொடக்கத் திசைவேகத்தைப் பூஜ்ஜியம் என்று எடுத்துவிட்டாள். கையை விட்டு நழுவும் அந்தக் கணத்தில் மூட்டையும் ஹெலிகாப்டரோடு சேர்ந்து மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.