தீவைச் சுற்றி முடிக்க வேண்டாம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

குவாதலூப் தீவுக்கு நீங்கள் இரண்டு முறை போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். நாங்கள் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். வரும் பிப்ரவரி பள்ளி விடுமுறையில் ஏழு இரவுகள் அங்கே தங்குவதற்கு விமானச்சீட்டு எடுக்கப்போகிறோம். நானும் கணவரும், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் காரைக்காலிலிருந்து எங்களைப் பார்க்க வரும் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு.

வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டுவதாக இருக்கிறோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் தங்கி, முதல் இரண்டு நாளில் தீவை முழுச் சுற்று சுற்றிவிடலாம் என்பது என் கணவரின் திட்டம். வரைபடத்தில் 300 கிலோமீட்டர்கூட வரவில்லை. பிறகு மூன்று நாள் மார்த்தினிக், மிச்சமிருப்பது கடற்கரைக்கு. அம்மாவின் ஆசை வேறு. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறி அந்தத் தீவுக்குப் போனார், திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கள் திட்டம் சரிதானா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் விசா. குவாதலூப் கரீபியக் கடலில் இருந்தாலும் பிரான்ஸின் ஒரு மாவட்டம், செலவாவது யூரோ, உங்களுக்கு அது உள்நாட்டுப் பயணம் மாதிரிதான். ஆனால் பல ஐரோப்பிய நாடுகள் பொதுவான விசா வைத்திருக்கும் ஷெங்கன் பகுதிக்குள் அது வராது. அம்மா இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறார் என்றால், பாரிஸுக்கு வாங்கும் சாதாரண ஷெங்கன் விசா அந்தத் தீவுக்குச் செல்லாது. கடல்கடந்த மாவட்டங்களுக்கான விசாவையும் கேட்க வேண்டும். அதோடு, தீவுக்குப் போனாலே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும், திரும்பி வருவதற்கு ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். அம்மா விண்ணப்பம் போடும்போதே இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். இது கையில் வராமல் விமானச்சீட்டு எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் திட்டம். மார்த்தினிக்கை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அழகான தீவு, ஆனால் அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். ஏழு இரவில் அதையும் சேர்த்தால் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கூடும்.

உங்கள் கணவர் போட்டிருக்கும் கணக்கைத்தான் நானும் முதல் முறை போட்டேன். கிழக்குப் பாதியில் உள்ள கொசியேர் ஊரில் தங்கியிருந்தேன். காலை ஏழரைக்குக் கிளம்பி, மேற்குப் பாதியை ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம் என்று நினைத்தேன். குவாதலூப் ஒரே தீவு இல்லை, வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கைகள் மாதிரி இரண்டு நிலங்கள். நடுவே சலே ஆறு என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு குறுகலான கடல்கால் ஓடுகிறது. அதற்கு மேல் இரண்டே பாலங்கள். அவற்றை ஒட்டி ஜாரி என்கிற தொழிற்பேட்டை. காலையில் பாதித் தீவு வேலைக்கு அங்கேதான் வருகிறது. பாலத்தைத் தாண்டவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு தெற்கே கிழக்குக் கரையோரம் இறங்கினேன். காப்பெஸ்தேர் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையோரத்திலேயே வண்ணம் தீட்டிய சிலைகளோடு ஒரு கோயில் தெரிந்தது. நேரமாகிவிட்டது என்று நிற்காமல் போனேன். உங்கள் அம்மா கேட்கிற அதே மாரியம்மன் கோயில்தான் அது, ஷான்ழி கோயில் என்பார்கள். மேற்குக் கரையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது, ஆறு மணியை ஒட்டிச் சூரியன் விழுந்தால் அரை மணியில் கும்மிருட்டு. விளக்கில்லாத மலை வளைவுகளில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அந்தக் கரையின் கடலை அன்று நான் பார்க்கவே இல்லை. அதற்காகத்தான் இரண்டாம் முறை போனேன்.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான்: சுற்றை முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 300 கிலோமீட்டர் என்ற எண் அங்கே எதையும் சொல்லாது. தேயே ஊரிலிருந்து பாஸ் தேர் நகரம் வரை மேற்குக் கரையில் 50 கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் எங்கும் நிற்காமல் போனாலே ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். பாதை ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி, அடுத்த குன்றுக்கு ஏறி, மறுபடி இறங்குகிறது. பின்னிருக்கையில் ஆறு வயதுக் குழந்தை, வலிக்கிற முட்டியோடு அம்மா. ஒரு நாளில் ஓட்டும் நேரம் இரண்டு மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். முதல் மூன்று இரவு மேற்குக் கரையில், தேயேவுக்கும் பூயாந்துக்கும் நடுவில் எங்காவது. அடுத்த இரண்டு இரவு தெற்கே த்ருவா ரிவியேரில். கடைசி இரண்டு இரவு கிழக்கு இறக்கையில், சேந்த் ஆன் பக்கம். விமான நிலையம் அங்கிருந்து எளிது. கிளம்பும் திசையும் முக்கியம். பாலத்தைத் தாண்டியதும் வடக்கே சேந்த் ரோஸ் வழியாகத் திரும்பி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் கடல் எப்போதும் உங்கள் வலக்கைப்பக்கம் இருக்கும். நல்ல காட்சி வந்தால் எதிர் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரம் கட்டலாம். நான் முதல் முறை மறுதிசையில் போய் இதையும் இழந்தேன்.

மேற்குக் கரையில் அவசரப்படாதீர்கள். தேயேவுக்கு வடக்கே கிராந்த் ஆன்ஸ் கடற்கரையின் மணல் பொன்னிறம். தெற்கே மலாந்தூரில் எரிமலைக் கறுப்பு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் மலையில் இருக்கிறது. மலாந்தூருக்கு எதிரே பீஜியோன் சிறுதீவுகளைச் சுற்றி மீன்கள் நிறைந்த பாதுகாக்கப்பட்ட கடல். அடியில் கண்ணாடி பதித்த படகுகள் போகின்றன, அம்மாவும் ஏறலாம். ஒரு காலை த்ராவெர்சே பாதைக்கு ஒதுக்குங்கள். மேற்கிலிருந்து கிழக்கே தேசியப் பூங்காவின் மழைக்காட்டை ஊடறுத்துப் போகும் ஒரே சாலை அது. எக்ரவீஸ் அருவி வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான், முட்டிவலிக்காரர்களும் பார்க்கக்கூடியது.

கடற்கரைகளில் சிவப்பு வண்ணப் பட்டை அடித்த மரங்களைப் பார்த்தால் பிள்ளைகளை விலக்கிவையுங்கள். மான்சனீயே என்ற மரம் அது. சின்ன ஆப்பிள் மாதிரி காய்க்கும், பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவே கூடாது, இலையில் வழியும் நீரும் சுடும். பட்டை அடிக்காத மரங்களும் உண்டு, காயைக் காட்டிப் பழக்கிவிடுங்கள். அதே மாதிரி, ஆற்றுக் குளியல் அருமையானதுதான், ஆனால் மலைமேல் கறுத்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் இறங்க வேண்டாம். வெள்ளம் நிமிடங்களில் வந்துவிடும்.

தெற்குப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை அங்கேதான். 1976-இல் அது சீறியபோது 70,000-க்கும் மேற்பட்ட மக்களை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்திருந்தார்கள். உச்சிக்கு ஏறுவது அம்மாவாலும் சின்னவராலும் ஆகாது. பெரியவரோடு உங்களில் ஒருவர் விடியற்காலையிலேயே பேன் ஜோன் நிறுத்துமிடத்திலிருந்து நடக்கலாம், பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். எரிமலை வாயு காரணமாகப் பாதையில் சில பகுதிகளை அடைப்பதுண்டு, முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்பே அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர் உயரம். காப்பெஸ்தேரிலிருந்து ஏறும் கிளைச்சாலை வண்டியிலேயே மேலே கொண்டுபோய்விடும், பிறகு அரை மணி நடை. வழியெல்லாம் வாழைத் தோட்டம். பச்சை கண்ணை நிறைக்கும், ஆனால் அந்த மண்ணில் 1993 வரை தெளித்த குளோர்தெகோன் பூச்சிக்கொல்லி இன்னும் போகவில்லை. அந்தப் பக்கத்து ஓடையில் தண்ணீர் குடிக்கவோ மீன் பிடிக்கவோ வேண்டாம். த்ருவா ரிவியேரில் காரை நிறுத்திவிட்டு ஒரு நாள் படகேறி சேந்த் தீவுகளுக்குப் போய்வாருங்கள்.

வண்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரி விடுமுறையில் கார் கிடைப்பது கஷ்டம், தானியங்கி கியர் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். வாங்கும்போது நான்கு சக்கரம், கண்ணாடி, கூரை என எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிடுங்கள். எனக்கு வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் சக்கரத்தில் முன்பே இருந்த கீறலுக்கு என் அட்டையிலிருந்து பணம் பிடித்துக்கொண்டது, மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்கிறது, எந்த பங்க்கிலும் ஒரே விலை. தேடி அலைய வேண்டாம், பாதித் தொட்டி ஆனதும் நிரப்புங்கள். கார்னிவல் திருவிழாக் காலம் என்பதால் ஞாயிறு பிற்பகல்களில் ஊர்வலத்துக்காக நகரச் சாலைகளை அடைப்பார்கள். அன்று இடம் மாறாதீர்கள், இறங்கி ஊர்வலத்தைப் பாருங்கள்.

கிழக்கு இறக்கை தட்டையான சுண்ணாம்பு நிலம், கரும்புக் காடு. ஓட்டுவது சுலபம். புவாந்த் தே ஷாத்தோ முனைக்கு விடியலில் போங்கள், போதும்.

இப்போது அம்மாவின் கோயில். அதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். அடிமை முறை 1848-இல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அவர்களில் ஏராளம். மாரியம்மன் அங்கே மாலியேமேன், மதுரைவீரன் மால்தேவிலேன். பேச்சில் தமிழ் போய்விட்டது, வழிபாட்டுப் பாட்டில் இருக்கிறது. பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வந்த பாட்டு அது. அம்மாவுக்குச் சில சொற்கள் பிடிபடும். உள்ளே போகுமுன் அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். சடங்கு நடக்கும் நாளானால் ஆடு பலியிடுவார்கள், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சந்தையில் பாகற்காயை பரோக்கா என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மதியம் கொலோம்போ சாப்பிடுங்கள். ஆட்டுக்கறியும் மல்லி, மஞ்சள், சீரகப் பொடியும் சேர்ந்த அந்தக் கறிக்குப் பெயர் நம் குழம்பிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. காரம் இருக்காது.

அதே காப்பெஸ்தேர் ஊரில் 1863-இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். கூலிகளின் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904-இல் வழக்கைத் தொடங்கி, 1923-இல்தான் வென்றார். இதைப் பெரியவரிடம் காரிலேயே சொல்லுங்கள்.

கப்பலேறிய அந்தத் தம்பியைத் தேட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். த்ருவா ரிவியேரிலிருந்து பாஸ் தேர் நகருக்குப் போகும் வழியில், கூர்பேர் ஊரில் மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்த இரண்டு இரவுகளும் வாரநாளில் வருகிற மாதிரி பயணத்தை அமையுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியதால் வீரபத்திரன் விராபாத்திரேன் ஆகியிருப்பார், முத்துசாமி மூத்தூசாமி ஆகியிருப்பார். பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், கிராமம், ஏறத்தாழ எந்த வருஷம் என்பதை எல்லாம் அம்மாவிடமும் காரைக்காலில் இருக்கும் மூத்தவர்களிடமும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.